நேற்றா, நாளையா?

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, கேட்டதையே இன்னொரு தடவை கேட்பார்.

மறுநாள் எனக்கு ஆபரேஷன். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தியாச்சா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். இத்தனை வருஷம் தீவில் இருந்தும் இந்தி வினைச்சொல் என்றால் எனக்குப் பயம். "கல்" என்று முடித்துக்கொண்டேன். இந்தியில் அது நேற்றும்தான், நாளையும்தான். டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஏக் மினிட், சார்," என்ற நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நேத்தே நிறுத்திட்டீங்களா, நாளைக்குத்தான் நிறுத்துவீங்களா?"

"நாளைக்குத்தான் சிஸ்டர். இன்னைக்குக் காலையிலகூடப் போட்டேனே."

"கத்தி வச்சா ரத்தம் நிக்காதுண்ணே!"

டாக்டர் அவருக்கு நன்றி சொல்லி, ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.

பிறகு அது நல்லபடியாக முடிந்தது. "எப்ப வீட்டுக்குப் போறீங்க?" என்றார் நர்ஸ்.

"கல்."

கண்ணாடி மெல்ல இறங்கியது.

"நாளைக்கு சிஸ்டர், நாளைக்கு!" என்று அலறினேன்.