மேனேஜரைத் தின்னாத பாம்பு

லாரி அளவுக்கு வளர்ந்த நண்டு ஒண்ணு தாராபுரம் ஆத்துப் பாலத்துல ஏறி, போற பஸ்ஸை ரெண்டாக் கிள்ளிப் போடுது. இதையெல்லாம் படிக்க ஒரு பொம்பளைக்கு வெக்கமா இருக்க வேண்டாமா? இருக்குதுங்க. அதனாலதான் அட்டைக்கு மேல பழைய காலண்டர் தாளைப் போட்டு, சாமி படம் வெளிய தெரியற மாதிரி மடிச்சு வெச்சிருக்கேன். பக்திப் புஸ்தகம்னு என்ற ஊட்டுக்காரரே ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருந்தார், பாவம்.

எனக்குப் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. தைச்சு வர்ற டி-ஷர்ட்டை மேஜையில விரிச்சு, ஓட்டை இருக்குதா, கறை இருக்குதான்னு பாத்து ஒதுக்கணும். செல்போனைக் காலையில கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க. அதனால ஊரே போனுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுத் திரியற இந்தக் காலத்துலயும் எங்க மேஜையில மட்டும் புஸ்தகம் உசுரோட இருக்குது. பல்லடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய புஸ்தகக் கடையில நான்தான் வாங்கிட்டு வருவேன். சோத்து நேரத்துல ஒருத்தி சத்தமாப் படிப்பா, மத்தவங்க கேட்டுக்கிட்டே சாப்பிடுவோம். நண்டு மனுசனோட குடலை உருவற பக்கம் வந்தாலும் எவளும் ரசம் ஊத்தறதை நிறுத்த மாட்டா.

எழுதறவங்களைச் சொல்லணும். முதல் அத்தியாயத்துல ஒரு பொண்ணு குளத்துக்குத் தனியாக் குளிக்கப் போவா. ஏன் போறா, ஊட்டுல பாத்ரூம் இல்லையான்னு யாரும் கேக்கறதில்ல. ரெண்டாவது அத்தியாயத்துல அவ இருக்க மாட்டா. அப்புறம் ஒரு விஞ்ஞானி வந்து, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "இது சாதாரணத் தேள் இல்லை"ம்பார். அட கெரகமே, பஸ் தண்டி இருக்குது, அது எங்களுக்கே தெரியுதே! பண்ணையில வளர்த்த பிராய்லர் கோழி தென்னை மர உசரத்துக்கு நிமிர்ந்து முதலாளியைக் கொத்தித் தின்ன கதை ஒண்ணு. அதைப் படிச்ச வாரம் எங்க மேஜைக்கு யாரும் கோழிக் கொழம்பு கொண்டாரல.

இத்தனை கூத்துலயும் ஒரு ஆள் மட்டும் எல்லாக் கதையிலயும் தவறாம வருவான். ஓட்டல் முதலாளியா இருப்பான், இல்லாட்டி மில்லு மேனேஜரா இருப்பான். மிருகம் வந்திருக்கறது முதல்ல தெரியறது அவனுக்குத்தான். "வெளிய சொல்லாதீங்க, பேர் கெட்டுரும்"னு எல்லாரு வாயையும் அடைப்பான். கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல மிருகம் அவனை அவசரமில்லாமத் திங்கும். நெசமாச் சொல்றேன், நாங்க புஸ்தகம் வாங்கறதே அந்த ஒரு அத்தியாயத்துக்குத்தான். அதை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்போம். அவ்வளவு சந்தோசமா இருக்கும்.

அப்படி இருக்கையில ஒரு நாள் காலையில, மூட்டை தூக்கற பீகார்க்காரர் ஒருத்தர் வேஸ்ட் குடோனுக்குள்ள பாம்பு போறதைப் பாத்துட்டார். வெட்டி மிச்சமான துணியைச் சாக்குல கட்டி அடுக்கி வெக்கற குடோன் அது. எங்க லேடீஸ் டாய்லெட்டு அதுக்குப் பின்னால. குடோனை ஒட்டின சந்துலதான் போயாகணும், வேற வழி கிடையாது. அன்னைக்குன்னு பார்த்து பையர் வர்றாங்க. எங்க பனியனை வாங்கற வெளிநாட்டுக்காரங்கதான் பையர். அவங்க வர்ற நாள்ல தரையெல்லாம் பினாயில் மணக்கும், காலி முதலுதவிப் பெட்டிக்குள்ள மருந்து வந்து உக்காந்துக்கும்.

மேனேஜர் எங்க மேஜைக்கு ஓடி வந்தார். "ஏம்மா, அது சின்னக் குட்டிதான். பையர் போற வரைக்கும் பாம்புங்கற பேச்சே யாரும் எடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் போகவும் வேண்டாம். சாயங்காலம் ஆள் வரச் சொல்றேன். வெளிய தெரிஞ்சா கம்பெனி பேர் கெட்டுரும்" அப்படின்னார். நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். வசனம் கூட மாறலைங்க!

இதுல கெடுதல் என்னன்னா, அந்த வாரம் நாங்க படிச்சிட்டு இருந்தது பஞ்சு மூட்டைக்குள்ள பதுங்கி ஆள் முழுங்கற மலைப்பாம்பு கதை. குடோன் பாம்பு முதல்ல கை நீளம்னாங்க. டீ வர்றதுக்குள்ள மேஜை நீளம் ஆச்சு. அப்புறம் துணி ரோல் தண்டி ஆயிருச்சு. யார் வளர்த்தாங்கன்னு கேக்காதீங்க, நானும் ஒரு முழம் சேர்த்து விட்டேன். அதுக்கப்புறம் மேனேஜர் போங்கன்னு சொன்னாக்கூட அந்தச் சந்துல கால் வெக்க ஆளில்ல.

எனக்குப் பக்கத்துல நின்னு செக்கிங் பண்றவ முழுகாம இருந்தா, ஆறாவது மாசம். என்னைவிட ரொம்பச் சின்னவ. மூஞ்சியெல்லாம் வேர்த்து, மேஜையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நின்னா. "அக்கா, முடியலீங்க்கா" அப்படின்னா. நான் மேனேஜர்கிட்டப் போய், "சார், அவளுக்கு அவசரமுங்க. கம்பு ஒண்ணு குடுத்து யாரையாவது கூட அனுப்புங்க" அப்படின்னேன். "கம்போட ஆள் நின்னா என்ன ஏதுன்னு பையர் கேக்க மாட்டாங்களா? கொஞ்ச நேரம் அடக்கிக்கச் சொல்லும்மா" அப்படின்னார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! வயித்துப் பிள்ளைக்காரி அடக்கிக்கணுமாம்! புஸ்தகமா இருந்தா இந்த இடத்துல செவுரு இடிஞ்சு பாம்பு தலையை நீட்டியிருக்கும். சொன்னா சிரிப்பீங்க, நான் நெசமாவே செவுத்தைத் திரும்பிப் பாத்தேன். வா சாமி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறாரே, இவர்தான் ஆளுன்னு மனசுக்குள்ள கூப்பிட்டேன். அது எங்க வருது? துணி மூட்டைக்குள்ள சுகமாத் தூங்கிட்டு இருந்திருக்கும்.

வர்ற மாதிரி தெரியலைன்னதும் நான் அவ கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தேன். அங்க மீட்டிங் ரூமுக்குள்ளயே பையருக்குன்னு தனி டாய்லெட்டு இருக்குது. மேனேஜர் "ஏம்மா, ஏம்மா"ன்னு பின்னாலயே ஓடி வந்தார். கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனா, ஒரு வெள்ளைக்கார அம்மாவும் எங்க முதலாளியும் மேஜை நிறைய பனியனைப் பரப்பி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அவ்வளவுதான். அவ வயித்தைக் காமிச்சு, "பாத்ரூம் மேடம். அவுட்சைட் ஸ்நேக்"னேன். பாம்புன்னு சொல்லக் கூடாதுன்னுதானே உத்தரவு, நான் சொல்லலையே.

அந்த அம்மா சட்டுனு எந்திரிச்சு, தானே போய் டாய்லெட்டுக் கதவைத் திறந்து விட்டுது. இவ உள்ள போனா. தண்ணி ஊத்தற சத்தம் ரூம் வரைக்கும் கேட்டுது. அப்புறம் அந்த அம்மா முதலாளிகிட்ட இங்கிலீசுல என்னமோ கேட்டுது. அவர் மூஞ்சியில இருந்த சிரிப்பு அதோட போச்சு. வெளிய வந்தவ கண்ணு கலங்கி என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. எனக்குப் பெருமையா இருந்துது, ஏன் மறைக்கணும்.

மத்தியானமே பாம்பு புடிக்கறவர் வந்துட்டார். வெறும் சாரைப்பாம்பு. சாக்குல போட்டுக் கட்டி, வண்டியில மாட்டிக்கிட்டுப் போயிட்டார். இவ்வளவுதானான்னு எங்களுக்கு ஒரு ஏமாத்தம். "இந்தக் கண்றாவியைப் படிச்சுத்தான் இப்படி ஆடறீங்க"ன்னு மேனேஜர் என்ற புஸ்தகத்தைப் புடுங்கிட்டுப் போனார். போகட்டும், கடையில வேற கிடைக்கும்.

மறுநாள் காலையில டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் வந்தார். பாம்பு பூந்த குடோன் ஓட்டையை அடைக்கத்தான் வர்றார், சந்துல லைட்டு போடுவார்னு நாங்க சந்தோசமாப் பேசிக்கிட்டோம். அவர் நேரா மீட்டிங் ரூமுக்குப் போய், டாய்லெட்டுக் கதவுல ஒரு பூட்டை மாட்டிட்டுப் போனார். சந்து பழையபடியே ஓட்டையும் இருட்டுமாத்தான் கிடக்குது. அந்த வயித்துப் பிள்ளைக்காரி பூட்டு மாட்டற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. டீ வந்தப்ப டம்ளரை என் பக்கம் தள்ளி வெச்சா. இப்பெல்லாம் அவ கம்பெனிக்குள்ள தண்ணியே குடிக்கறதில்ல.