அந்த வெள்ளிக்கிழமை போன பட்டியல்

நான் செய்த பிழையை வருடக்கணக்காக ஒரு பெண்பிள்ளையின் தலையில் கட்டி வைத்திருந்தேன். அவள் என்னோடு அதுவரை ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம், கல்முனையில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கடலுக்குக் கிட்ட இனிக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கரையோரச் சனம் கூடாரத்துக்குள் வெந்து கொண்டிருந்தது. வீடு கேட்டு வந்தவர்களின் விபரங்களை அலுவலகக் கணினிச் சேர்வரில் ஏற்றுவது என் வேலை. பிறகு மேலாளர் இன்னொன்றும் சொன்னார். வீடு உறுதியான குடும்பங்களின் பட்டியலை ஒவ்வொரு வெள்ளியும் சேர்வரே தானாக முகாம் தலைவர்களுக்கு ஈமெயிலில் அனுப்ப வேண்டும். தலைவர்கள் அதைக் கடையில் பிரிண்ட் எடுத்து முகாம் பலகையில் ஒட்டுவார்கள்.

அஞ்சல் கணக்கைச் சேர்வரில் பதிந்து, நேரத்தையும் குறித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தேன். பட்டியல் வெறுமையாக வந்தது. வராமல் என்ன செய்யும்? அதுவரை ஒரு வீடும் உறுதியாகவில்லை. எழுத்துகள் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்க்க, ‘உறுதியானவை மட்டும்’ என்ற நிபந்தனையை அழித்தேன். விண்ணப்பித்த எல்லோருடைய பெயரும் வந்து விழுந்தது. அனுப்புகிற இடத்தில் என் முகவரியை மட்டும் போட்டிருக்க வேண்டும். தலைவர்களின் முகவரிகளை அப்படியே விட்டேன். சோம்பல், வேறு காரணம் இல்லை.

மெயில் போகவில்லை. இன்டர்நெட் வருகிற டெலிபோன் லைன் செத்துக் கிடந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனேன்.

போகாத மெயிலைச் சேர்வர் வீசாது. வரிசையில் வைத்திருந்து, லைன் வந்ததும் அனுப்பும். இது எனக்குத் தெரியும். இதெல்லாம் தெரிந்தவன் என்றுதான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். நான் தொழுகையில் நிற்கும்போது லைன் வந்தது. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே பட்டியல் பலகையில் இருந்தது.

சனியும் ஞாயிறும் அலுவலகம் பூட்டு. அந்த இரண்டு நாளுக்குள், பட்டியலில் பெயர் இருந்த ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசி முடிந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பாமார் கல்லும் மண்ணுமாகச் சேர்ப்பது இதற்குத்தான். இந்தப் பிள்ளையின் வாப்பாவும் கட்டித்தான் வைத்திருந்தார். கடல் அவரையும் கொண்டு போனது, வீட்டையும் கொண்டு போனது. மாப்பிள்ளையின் உம்மா பலகைக்கு முன்னால் நின்று பெண் வீட்டாரின் பெயரைத் தானே வாசித்துவிட்டு, “இனி என்னத்துக்குத் தாமதம்?” என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “பட்டியலைத் திருத்தி அனுப்பு. நம்ம பிழை எண்டு ஒரு சொல்லும் வரப்படாது.” அந்த ஆளைத் திட்டித் திட்டியே நான் பல வருடம் நல்லவனாக இருந்தேன். ஆனால் விசைப்பலகை என் கையில்தான் இருந்தது. ஒரு பெயரை நீக்கினால் காரணம் எழுதியே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சேர்வர் விடாது. அப்படி அமைத்தவனும் நான்தான். எல்லாப் பெயருக்கும் ஒரே கட்டளையில் ஒரே காரணத்தை நிரப்பினேன்: ‘ஆவணப் பிரதி தெளிவில்லை.’ அந்த மெயில் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் போனது.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் உம்மா ஒரு ஷொப்பிங் பையோடு அலுவலகத்துக்கு வந்தார். மகள் வாசலிலேயே நின்றாள்.

“மனே, எந்தக் கொப்பி தெளிவில்ல?”

பையில் அடையாள அட்டை, காணிப் பத்திரம், கணவரின் மரணச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. எனக்குப் பின்னால் மேலாளர் உட்கார்ந்திருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“மவுத்து சேட்டிபிகட், உம்மா.”

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். “அத இவள்தான் கொப்பி எடுத்த.”

“நல்லாத்தான் எடுத்த, உம்மா. எழுத்தெல்லாம் தெரிஞ்ச.”

“வாயப் பொத்துடி. ஒபிஸ்ல இரிக்கிறவங்களுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?”

நான் கணினித் திரையைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணம் நின்று போனது.

திட்டம் முடிந்து நிறுவனம் போய்விட்டது. நான் மெயின் ரோட்டில் ஒரு கொமினிகேஷன் கடை போட்டேன். டெலிபோன், இன்டர்நெட், போட்டோக் கொப்பி. யுத்தம் முடிந்த வாரம் ரோட்டில் பட்டாசு வெடித்துக் கொண்டிருந்தபோது அந்த உம்மா கடைக்குள் ஏறினார். வேறொரு திட்டத்தில், கடலை விட்டு உள்ளுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறதாம். அதன் உறுதிப் பத்திரம் எழுத ஆவணக் கொப்பிகள் வேண்டுமாம். கணவரின் மரணச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார்.

“தெளிவா எடுங்க, மனே. ஒருக்கா என்ட மகள் எடுத்த கொப்பியாலதான் எல்லாம் நாசமாப் போன.”

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

“மகள் என்ன செய்றா?” என்று கேட்டேன்.

“தைக்கிறா. பொறகு ஒரு சம்பந்தமும் சரிவரல்ல. அவட அவசரம், அவட விதி.”

அப்போதுதான் சொன்னேன். நல்ல மனம் வந்து சொல்லவில்லை. அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பட்டியல், லைன், காரணக் கட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈமெயிலைப் பற்றிச் சொன்னது அவருக்கு விளங்கியதோ தெரியாது. ஒன்றைத்தான் கேட்டார்.

“அப்ப அந்தக் கொப்பி?”

“நான் அதப் பாக்கவே இல்ல, உம்மா.”

சான்றிதழை உறைக்குள் திருப்பி வைத்தார். “நான் அவளுக்கு அடிச்ச மனே. கொமருப் புள்ளைக்குக் கை நீட்டி அடிச்ச.” பிறகு, “கடையப் பூட்டுங்க. இதெல்லாத்தையும் அவட்ட வந்து செல்லுங்க” என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு அவருக்குப் பின்னால் போனேன். மகள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்றைத் தைத்துக் கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் மெஷின் நிற்கவில்லை. முடித்த பிறகுதான் நின்றது.

“அண்டைக்கே நான் செல்லல்லயா, உம்மா, நல்லாத்தான் எடுத்த எண்டு?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, அண்ணன் முறை வைத்தே கேட்டாள். “இப்ப என்னத்துக்கு வந்த, காக்கா? அந்த மாப்பிள்ளைக்கு ரெண்டு புள்ள.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியாது. அந்த உம்மாவும் பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் இரண்டடி வைத்தார்.

“தேத்தண்ணி வெக்காதீங்க, உம்மா,” என்றாள் மகள்.

அவர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி மகளிடம் போய், மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.