வெளியே தெரியாத தழும்பு

சென்ற ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை முற்பகல், ஹப்சிகுடாவில் குழந்தைகளுக்கான இதய மருத்துவர் ஒருவரிடம் என் பேத்திக்கு எக்கோ பரிசோதனை நடந்தது. அவளுக்கு வயது நான்கு. இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலான சுவரில் துளை இருந்தது. மகள், சம்பந்தியம்மாள், என் மனைவி, நான் ஆகியோர் உடனிருந்தோம். மறுவாரம் என் மனைவி மாரடைப்பால் காலமானாள்.

மார்பில் ஜெல்லைத் தடவியதும், "நக்கோ தாத்தா, தண்டா இருக்கு!" என்று குளிர் தாங்காமல், வேண்டாமென்று குழந்தை நெளிந்தாள். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் பிறவியிலேயே இப்படி இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். இருந்திருந்தால் குழந்தைக்கு மட்டுமின்றி அவருக்கும் இதயத்துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கவேண்டும் என்றார். சம்பந்தியம்மாள் முந்திக்கொண்டார்: "எங்க பக்கம் அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்." மகள் தன் தாயைப் பார்த்தாள்.

"எங்க பக்கமும் இல்ல" என்றாள் என் மனைவி.

மகளுக்கு ஏழு வயதில் இதே துளை இருந்தது. அப்போது குஷாய்குடாவில் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். அறுவை நிபுணர் இரண்டு வழிகளை விளக்கினார். நெஞ்செலும்பைப் பிளந்தால் இதயம் கண்முன் கிடைக்கும். வலது கைக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்தால் வேலைசெய்ய இடம் குறைவு, ஆனால் தழும்பு வெளியே தெரியாது. "பொண்ணு சார். ரவிக்கைக்குள்ள அடங்கற மாதிரியே பண்ணிடுங்க" என்றாள் மனைவி. அவர் செம்மையாகச் செய்தார். அண்டை வீட்டாருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னோம். திருமணத்தின்போது ஜாதகத்தைக் கொடுத்தோம், இதைக் கொடுக்கவில்லை. கொய்யா மரத்திலிருந்து வேலிமேல் விழுந்ததாக மகள் கணவரிடம் சொல்லிவைத்தாள். 'கொய்யாக் குரங்கு' என்று அவர் கேலி செய்வதுண்டு. மனைவியை நான் குறைகூற மாட்டேன். துளை அடைபட்டாலும் 'ஹார்ட் கேஸ்' என்ற பெயர் ஒரு பெண்ணைவிட்டுப் போகாது என்பதை அவள் அறிந்திருந்தாள்.

பதின்மூன்றாம் நாள், உறவினர் கலைந்த பின் மாப்பிள்ளை என்னருகே வந்து அமர்ந்தார்.

"மாமா, மரத்துலேர்ந்து விழுந்தா ஸ்கேல் வச்ச மாதிரியா கோடு விழும்? கல்யாணமான புதுசுலயே தெரியும், ஆபரேஷன்னு. நுரையீரல்னு நினைச்சேன். அவளே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"இதயம்" என்றேன்.

மகள் படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பினார். "அப்ப இவளையும் உடனே காட்டணுமே, மாமா."

இன்னும் செய்யாதவை: மகளுக்கு ஈ.சி.ஜி. எடுப்பது. பேத்தியின் மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது. சம்பந்தியம்மாளிடம் யார் பேசுவது என்று முடிவுசெய்வது. மாப்பிள்ளைக்கு முன்பே தெரியும் என்று என் மனைவியிடம் சொல்வது.