சுமை இறங்காத வண்டி

லாரிக்குப் பாடி கட்டுவதில் என் கையை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். நாற்பத்தொரு வருடத்தில் அறுநூறு லாரிக்கு மேல் கட்டி ரோட்டில் விட்டிருக்கிறேன். ஆனால் இது என் கதை இல்லை, என் சின்ன மகளுடைய கதை. என்னைப் பற்றி எழுத நாளைக்கு எவனாவது வருவான். அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை.

பட்டறையில் அவளுக்குப் பெயர் ஊசி. கையிலும் ஊசி, வாயிலும் ஊசி. லாரி சீட்டுக்கு ரெக்ஸின் தைக்க வந்தவள், நாலே வருடத்தில் தார்ப்பாய், கான்வாஸ், பஸ் சீட் எல்லாம் தைத்துத் தள்ளினாள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

அவளைக் கட்டிய மாப்பிள்ளை மின்கோபுரம் ஏறுகிறவர். பெரிய மின்கம்பிகளைத் தாங்கி நிற்கிற இரும்புக் கோபுரங்களை நட்டு நட்டாக முடுக்கி நிறுத்துகிற வேலை. ஒரு இடத்தில் நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து மாதம். அப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த இடம். பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் இரண்டு வருடம் இவளும் பிள்ளைகளோடு பின்னாலேயே போனாள். பேத்தி அதற்குள் நாலு பள்ளிக்கூடம் மாறினாள். குழந்தைகள் இருந்தால் சுவரில் கிறுக்கும் என்று வாடகைக்கு வீடு தராதவர்கள் பாதி, நாலு மாதத்துக்கெல்லாம் தர முடியாது என்றவர்கள் மீதி. கடைசியில் அலுத்துப்போய் இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

ஒரு வருடம் கழித்து ஒரு நாள் மாப்பிள்ளை லீவில் வந்தார். ஐந்து வயதுப் பேரன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாரோ வந்திருக்காங்க என்று உள்ளே குரல் கொடுத்தான். அந்த மனிதர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். மறுநாள் காலையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சின்னவள் சொன்னாள்: "வீடு அவர் பின்னாடி போகாதுன்னு யார் சொன்னது? போற வீடா ஒண்ணு கட்டிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் நான்.

சிரிக்காதவர் சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் தாயார். பிள்ளைகள் இரண்டையும் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு நீ புருஷனோடு போ என்பது அவருடைய யோசனை. படிவம் கூட வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அடுத்த வேலை மூன்று மாதம் கழித்து ஒன்றாம் தேதி தொடங்குவதாக இருந்தது. விடுதியிலும் அதே தேதியோடு சேர்க்கை முடிகிறது. அதற்குள் வண்டி தகுதிச் சான்று வாங்கிவிட்டால் பிள்ளைகள் வண்டியில், வாங்காவிட்டால் விடுதியில் என்று பேசி முடித்தார்கள். சின்னவள் யோசிக்காமல் உடனே ஒத்துக்கொண்டாள்.

உடைப்பதற்குப் போட்டிருந்த பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றைப் பிடித்தேன். கூரை ஒழுகும், பலகை இற்றுப்போயிருந்தது. ஆனால் இன்ஜின் தங்கம். காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவேன். சீட்டை எல்லாம் கழற்றினோம். துருப்பிடித்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் உயிரை வாங்கின. தரை புதிதாகப் போட்டோம், கூரையில் ரிவெட் ரிவெட்டாக அடைத்தோம். சின்னவள் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, இங்கே அடுப்பு, இங்கே கட்டில் என்று குறித்தாள். எல்லாம் லேசாக இருக்கட்டும்பா என்றாள். ஆடுகிற வண்டிக்கு இரும்புதான் நிற்கும், நீ தையலைப் பார், கட்டுவது என் வேலை என்றேன். சாக்பீஸை வைத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள். அவள் அப்பன் பேச்சுக்கு அடங்கியது ஆயுசில் அந்த ஒரு தடவைதான். அதுவும் வினையாகப் போயிற்று.

வாசல் பக்கம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் டிரைவர் பக்கமே அடுக்கினேன். ஆங்கிள் இரும்பு அடித்து அதன்மேல் கருங்கல் பலகை போட்ட சமையல் மேடை. என் மகள் தகரத்தில் வைத்தா காய் நறுக்குவாள்? பக்கத்தில் இரும்பு அலமாரி. அதற்கடுத்து ஆளுயரத் தண்ணீர்த் தொட்டி. கோட்டை மாதிரி இருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது.

ஒன்பது நாள் மிச்சம் இருக்கும்போது தகுதிச் சான்று தருகிற வாகன ஆய்வாளரிடம் கொண்டுபோனோம். சின்ன வயசு மனிதர். மரியாதை தெரிந்தவர், ஆனால் மசிகிறவர் இல்லை. தொட்டியை நிரப்புங்க, பாத்திரம் படுக்கை எல்லாம் ஏற்றுங்க, நாலு பேரும் உள்ளே உட்காருங்க என்றார். பிறகு இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலிருந்து தரைக்கு டேப் பிடித்தார். டிரைவர் பக்கம் நாலு விரல் தணிந்திருந்தது.

"பெரியவரே, வளைவுல கொஞ்சம் வேகமா ஒடிச்சா இந்த வண்டி படுத்துக்கும்" என்றார். கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரத்தில் சரி செய்து கொண்டுவரச் சொன்னார்.

அங்கேயே நின்று சண்டை போட்டேன். நான் பார்த்தபோது நேராகத்தான் இருந்தது, அது சத்தியம். காலியாக இருக்கும்போது பார்த்தேன், அதுவும் சத்தியம். லாரிப் பட்டறைக்காரன் அத்தனை பேரும் அப்படித்தான் பார்ப்போம். காலி வண்டி நேராக நின்றால் எங்கள் வேலை முடிந்தது. சுமை ஏற்றுகிறவன் இரண்டு பக்கமும் பார்த்து ஏற்றிக்கொள்வான். ஏற்றியதை நாளைக்கு இறக்கியும் விடுவான். இந்தப் பழக்கம்தான் என் கண்ணை மறைத்தது.

இதற்கு மருந்தும் என் கையில் இருந்தது. டிரைவர் பக்கச் சக்கரங்களுக்கு மேல் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக வைத்தால் வண்டி நிமிர்ந்துவிடும். எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் இதையே சொல்வான். பட்டறைக்கு வந்ததும் பட்டையை எடுத்துப் போட்டு ஜாக்கியைத் தள்ளினேன். சின்னவள் ஜாக்கியின் மேல் காலை வைத்து நிறுத்தினாள்.

"அப்பா, லாரியில சுமை ஏறும், இறங்கும். இது சுமை இறங்காத வண்டி. பட்டை வச்சா நிமிந்த மாதிரி நிக்கும், கனம் அங்கயேதான் இருக்கும். உள்ள தூங்கப் போறது என் பிள்ளைங்க."

"அப்ப என் வேலை தப்புங்கறியா?"

"ஆமா."

அவ்வளவுதான். வேலையாட்கள் ஆறு பேர் நிற்கிறார்கள். நாற்பத்தொரு வருடத்தில் அந்தப் பட்டறைக்குள் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னது கிடையாது. காலை எடுடி என்றேன். எடுக்கவில்லை.

பழைய இரும்புக் கடையிலிருந்து எடை மேடையை உருட்டி வந்தாள். வண்டிக்குள் இருந்த ஒவ்வொன்றையும் இறக்கி நிறுத்து, எடையைச் சுவரில் சாக்பீஸால் எழுதினாள். கல் பலகையும் மேடையும் நூற்றிப் பத்துக் கிலோ. அலமாரி தொண்ணூறு. நிரம்பிய தொட்டி முந்நூறைத் தாண்டியது. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட விடவில்லை. அந்த நேரம் பார்த்து, கைப்பையில் படிவத்தோடு சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். அத்தை நீங்களும் ஏறுங்க, வந்தால் பத்து நாள் தங்குவீங்கல்ல, உங்க எடையும் வேணும் என்றாள். நான் எதுக்கு அந்தத் தகரத்துக்குள்ள வரப்போறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் அலட்டிக்கொள்ளாமல் சுவரில் 'அத்தை எண்பது' என்று எழுதினாள். வந்ததே கோபம் அந்த அம்மாவுக்கு. எழுபதுதான் என்று காட்டுவதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறிவிட்டார். எழுபத்தாறு.

அப்புறம் சின்னவள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் அடித்த சமையல் மேடையை அறுக்க ஆரம்பித்தாள். பார்க்கச் சகிக்காமல் வெளியே போய் உட்கார்ந்தேன். சத்தத்தை வைத்தே தெரிந்தது, தாங்குகிற முனையை முதலில் அறுக்கிறாள், மொத்தமும் காலில் விழும் என்று. எழுந்து போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, தட்டையான புதுத் தொட்டி ஒன்றைத் தரைக்குக் கீழே, வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கு நடுவில் நான் தொங்கவிட்டேன். அது என் வேலை, அதில் ஒரு சொட்டு ஒழுகினால் என்னைக் கேளுங்கள். சமையல் மேடை லேசான மரப் பலகையாக மாறியது, பிள்ளைகளின் கட்டில் வாசல் பக்கம் போனது. அலமாரிக்குப் பதிலாக இரண்டு பக்கச் சுவரிலும் கான்வாஸ் பைகளைத் தைத்து வரிசையாகத் தொங்கவிட்டாள். ஜிப்பை இழுத்து மூடினால் வண்டி எப்படி ஆடினாலும் ஒரு கரண்டி கீழே விழாது. தொண்ணூறு கிலோ அலமாரியில் அடங்கியதெல்லாம் ஆறு கிலோ துணிக்குள் அடங்கியது. அறுநூறு லாரி கட்டியவன் சொல்கிறேன், அப்படி ஒரு யோசனை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது.

ஏழாம் நாள் மறுபடி போனோம். இந்த முறை ஆய்வாளர் டேப்பைப் பிடித்தபோது ஒரு விரல் வித்தியாசம் கூட இல்லை. நம்பாமல் மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னார். சின்னவளே ஓட்டினாள். உள்ளே பேத்தியும் பேரனும் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே வந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சம்பந்தியம்மா படிவத்தைக் கிழிக்கவில்லை, நானே வைத்திருக்கிறேன், எதற்கும் ஆகும் என்றார். பத்திரமா வச்சுக்குங்க அத்தை என்று சொல்லிவிட்டு இவள் வண்டியைக் கிளப்பினாள்.

புது இடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் தலைமையாசிரியர் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்துவிட்டாராம். நிலையான முகவரி இல்லாத குடும்பம், இன்றைக்கு இருப்பீர்கள் நாளைக்குப் போவீர்கள், முகவரியோடு வாருங்கள் என்றாராம். விடுதிதான் கதி என்று மாப்பிள்ளை கூட முணுமுணுத்திருக்கிறார். இவள் காதில் வாங்கவில்லை. மறுநாள் மணி அடிப்பதற்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் அவருடைய அறை ஜன்னலுக்கு நேரே நிறுத்தியிருக்கிறாள்.

"முகவரி கேட்டீங்களே சார். வெளிய நிக்குது, வந்து பாத்துக்குங்க."

வந்து ஏறிப் பார்த்திருக்கிறார். கட்டிலைப் பார்த்தார், பைகளை ஜிப் இழுத்துப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். திரும்பிப் போய் முகவரிக் கட்டத்தில் வண்டி நம்பரை எழுதிக்கொண்டார் என்று பேத்தி போனில் சொன்னாள்.

இப்போது அவர்கள் மூன்றாவது ஊரில் இருக்கிறார்கள். அங்கேயும் முகவரி கேட்டார்களாம். அங்கேயும் கொண்டுபோய் நிறுத்தினாளாம்.