எந்த வீட்டிலும் இல்லாத ஒன்றரை நிமிடம்

1991 முதல் 2003 வரை, காஞ்சிபுரம் செங்கழுநீரோடை வீதிக் கடையில் தாவீது பதிவு செய்து கொடுத்த கேசட்டுகள் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். அவற்றில் பாதிக்கு மேல், இரண்டாம் பக்கத்தின் கடைசியில், யாரும் கேட்காத ஒரு பாட்டு இருந்தது.

வாடிக்கையாளர்கள் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள். எவ்வளவு கணக்குப் போட்டு எழுதினாலும் கடைசியில் இரண்டு நிமிடமோ நான்கு நிமிடமோ நாடா மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். தாவீதுக்கு மனசு கேட்காது. ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகியின் பாட்டை அதில் போட்டு நிரப்பிவிடுவார்.

அந்த இசைத்தட்டு அவருடைய மனைவி அம்சாவுடையது. கல்யாணத்துக்கு முன் அம்சா ஒரு மிஷன் டாக்டரம்மா வீட்டில் வேலை செய்தார். டாக்டரம்மா 1988இல் ஊரைவிட்டுப் போகும்போது, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். அம்சா பாத்திரம் எதையும் தொடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டார்.

எட்டுப் பாட்டுகள். அட்டையில் இசை வகை 'சோல்' என்று போட்டிருந்தது. சர்ச்சில் பாடிப் பழகிய குரல். ஒரு சொல்லைத் தொடுவதற்கு முன் அவள் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும். சில இடங்களில் குரல் உடைந்துவிடும். அதைத் திரும்பப் பாடித் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். தாவீது மிச்ச நாடாவில் போடுவது கடைசிப் பாட்டைத்தான்; அது ஏழு நிமிடம். ஐந்தரை நிமிடம் வரை ஆர்கனும் கிதாரும் கூடவே ஓடும். பிறகு எல்லா வாத்தியமும் நின்றுவிடும். கைதட்டலும், சொல்லே இல்லாத அந்தக் குரலும் மட்டும். அந்த ஒன்றரை நிமிடத்துக்காகத்தான் அம்சா அந்தத் தட்டைக் கேட்பார்.

1994இல் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து முரளீதரன் சண்டைக்கு வந்தார். பாசுர கேசட் பதிவு செய்துகொண்டு போனவர். "பாசுரம் முடிஞ்ச கையோட எவளோ அழறாளேப்பா. ஆத்துல எல்லாரும் பயந்துட்டா" என்றார். காலியா விட்டா நாடா வீணாப் போவுது சாமி என்று தாவீது சமாதானம் சொல்லி அனுப்பினார்.

1998 மே மாதம் அது நடந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்து, அதன் மேலேயே தட்டையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார் தாவீது. காலையில் தட்டு அப்பளம் பொரிந்த மாதிரி வளைந்துகிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சென்னையில் கடைகடையாக ஏறி இறங்கினார். பாடகியின் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஊருக்கெல்லாம் பதிவு செய்து கொடுத்தவர், தட்டுதான் கையில் இருக்கிறதே என்று தன் வீட்டுக்கு ஒரு கேசட் எடுத்து வைக்கவில்லை. அம்சா கோபித்துக்கொள்ளவில்லை. போனா போவுதுபா என்றார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பற்றிப் பேசவும் இல்லை.

2003 மார்ச்சில் சென்னை ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அம்சாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றில் புற்றுநோய். கஞ்சியும் இறங்காத ஒரு நாள், அந்தக் கடைசிப் பாட்டை ஒருவாட்டி கேட்கவேண்டும் போல இருக்கிறது என்றார் அம்சா.

தாவீது சைக்கிளை எடுத்தார். பிள்ளையார்பாளையத்தில் பழைய வாடிக்கையாளர் சிட்டிபாபு தறியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் டேப்ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. அவரிடம் இருந்த கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் அந்தப் பாட்டு இரண்டு நிமிடம் இருந்தது, இன்னொன்றில் மூன்று. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீட்டில் நான்கேகால். எட்டு நாள் அலைந்தார். எங்கே போனாலும் பாட்டு இருந்தது. ஆனால் நடுவிலேயே நாடா தீர்ந்து, பொத்தான் டக்கென்று எழும்பியது.

ஆறாவது நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. ஏழு நிமிடம் மிஞ்சினால் எந்த வாடிக்கையாளரும் இன்னொரு தமிழ்ப் பாட்டைத்தான் கேட்பார். மிச்சத்தை நிரப்பப் போட்ட பாட்டு முழுசாக எங்கேயும் இருக்க முடியாது. அப்படியும் தேடினார்.

கடைசியாகப் போனது முரளீதரன் வீட்டுக்கு. அவர் இல்லை. அவர் மனைவி ரமாமணி, கேசட் பெயரைச் சொல்வதற்குள் உள்ளே போய் எடுத்து வந்தார்.

"அவர் பாசுரம் முடிஞ்சதும் நிறுத்திடுவார். அவர் ஆபீஸ் போனப்புறம் நான் அதை மட்டும் தனியா போட்டுக் கேப்பேன். அவளுக்கு என்ன கஷ்டமோ, பாவம். இவர்கிட்ட சொல்லிடாதேப்பா."

அதில் ஐந்தரை நிமிடம் இருந்தது. ஊரிலேயே நீளமானது அதுதான்.

அன்று சாயங்காலம் அம்சாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் டேப்ரிக்கார்டரை வைத்து அந்தக் கேசட்டைப் போட்டார் தாவீது. அம்சா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆர்கன் நின்றது. ஒரு கைதட்டல். டக்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. மீதி எங்கியும் இல்ல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

அந்தப் பாடகி என்ன பாடுகிறாள் என்று முன்பு ஒரு நாள் தரை துடைத்துக்கொண்டே டாக்டரம்மாவைக் கேட்டதை அம்சா சொன்னார். புருஷன் வீட்டைவிட்டுப் போகிறான், போகாதே போகாதே என்கிறாள், வேறொன்றுமில்லை என்றாராம் டாக்டரம்மா.

"கடைசில மேல போவும், இல்ல?" என்றார் அம்சா. "கைதட்டினு இருக்கச்சொல்லவே கொரலு மேல மேல போவும். அவன் திரும்பி வந்துட்டான். அதான் சொல்லு இல்லாம பாடறா."

தாவீது அந்தப் பாட்டை ஆயிரம் தடவை ஓடவிட்டவர். கைதட்டல் ஒவ்வொன்றாகக் குறைந்து, குரல் படிப்படியாக இறங்கி, கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சுவது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"கீழ எறங்கறாப்புலதான் எனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"உனுக்கு இன்னா தெரியும்? போட்டுட்டு பீடி வாங்கப் பூடுவ." அம்சாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு வலித்தது. தாவீது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா. மேலதான் போவும்."

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்சா இறந்தார்.