கெதோலா வீட்டு வேலைக்காரன்

பிறந்தபோது அவன் நெஸ்தோரி ஹங்காலா. அப்பன் குத்தகை மாறி ஆற்றுக்கு அக்கரைக்குக் குடிபோனதும் நெஸ்தோரி லம்மி ஆனான். வளர்ந்து கூலிக்குப் போன இடத்தில் இன்னொரு பேர். கடைசியில் கெதோலா வீட்டு மகள் செராஃபீனாவைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனான். அன்றிலிருந்து நெஸ்தோரி கெதோலா.

இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எங்கள் மேற்குச் சமவெளியில் பேர் மனிதனோடு ஒட்டியதல்ல, வீட்டோடு ஒட்டியது. எந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறாயோ அதன் பேர் உனக்கு. கிழக்கே சவோ சீமைக்காரர்கள்தான் முப்பாட்டன் பேரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிவார்கள். ஒரு முழம் நிலம் இல்லாதவனுக்கும் அங்கே நீளமாக ஒரு பேர் இருக்கும். எங்களுக்கு அது சிரிப்பாக வரும்.

முப்பது வருஷம் அவன் கெதோலாவுக்கு எசமானாக இருந்தான். சதுப்பில் கால்வாய் வெட்டி ரை தானியம் விதைத்தான். பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. பிள்ளை இல்லையென்றால் நிலம் செராஃபீனாவின் தம்பிக்கு என்று அவள் அப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார். அந்தத் தம்பி அக்செலி அமெரிக்காவில் சுரங்கத்தில் இருந்தான்.

இலையுதிர்காலத்தில் செராஃபீனா காய்ச்சலில் போய்விட்டாள். நெஸ்தோரி அழவில்லை. குதிரைக்குத் தீனி வைத்தான், காப்பி குடித்தான், தூங்கினான், எழுந்தான். பனியில் விறைத்துப்போன விரல் மாதிரி இருந்தான். விரல் இருப்பது தெரியும், ஆனால் கடித்தாலும் வலிக்காது. ஊர் அவனைக் கல்நெஞ்சன் என்றது. அவனுக்கும் தன்னைப் பற்றி அப்படித்தான் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு அக்செலி பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினான். நல்லவன்தான், குறை சொல்லக் கூடாது. சதுப்போரத்துக் குடிசையான சூசாரியை மச்சானுக்குக் கொடுத்தான். கூடவே ஒரு பசு, வருஷத்துக்கு வேண்டிய ரை, விறகு. இதற்குமேல் எவன் கொடுப்பான்? இனி அவன் நெஸ்தோரி சூசாரி. அவனும் சரி என்றுதான் சொன்னான். எதைக் கேட்டாலும் அந்நாட்களில் சரி என்றான்.

ஒன்று மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. கல்லறைச் சிலுவையில் செராஃபீனா கெதோலா என்று எழுதி, கீழே அவன் பேருக்கு இடம் விட்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வழியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனை எதிர்வீட்டு எசமானி ஹில்மா பிடித்துக்கொண்டாள்.

"என்ன யோசனை? கீழ சூசாரின்னு எழுதிட்டுப் போறாங்க. படுத்திருக்கிறவ எழுந்து வந்து எழுத்துக்கூட்டிப் படிக்கவா போறா?"

"அவளுக்கு நான் அந்நியனாத் தெரிவேன்."

"போய்யா, போய் ஒரு வாய் சூடா குடி."

ஜனவரியில் போதகர் வாசிப்புச் சோதனைக்கு வந்தார். அந்த வருஷம் ஹில்மாவின் வீட்டில் நடந்தது. பெரிய அறை நிறைய பெஞ்சு, ஈரக் கம்பளி நாற்றம், சமையல்கட்டில் கோதுமை ரொட்டி. போதகர் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து வீடு வீடாகக் கூப்பிடுவார். அந்த வீட்டார் எல்லாரும் எழுந்து போய் ஞானோபதேசம் படித்துக் காட்ட வேண்டும்.

"கெதோலா!"

அக்செலி எழுந்தான். நெஸ்தோரியும் எழுந்தான்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு சேவலா!" என்றாள் ஹில்மா. அறையே சிரித்தது.

"நெஸ்தோரி, நீ இப்ப சூசாரி. உக்காரு. கடைசியில கூப்பிடறேன்" என்றார் போதகர்.

நெஸ்தோரி உட்காரவில்லை. பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவனும் அதுவரை அப்படித்தான் நினைத்தான்.

"நான் சூசாரிக்குப் போகல, போதகரய்யா. கெதோலாவுலயே இருக்கேன்."

"எப்படி இருப்ப? எசமான் அக்செலி ஆச்சே."

"வேலைக்காரனா. வேலைக்காரனுக்கும் வீட்டுப் பேர்தானே?"

சிரிப்பு நின்றுவிட்டது. அக்செலியின் முகம் சிவந்தது.

"மச்சான், என்ன பேச்சு இது? அந்தக் கால்வாய் பூரா வெட்டினது நீங்க. விடிஞ்சா உங்களுக்கு நான் வேலை சொல்லணுமா?"

"சொல்லு. செய்யறேன்."

"என் மானம் போகுது மச்சான்! அக்கா புருஷனை வேலைக்காரனாக்கிட்டான்னு ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். பசுவும் வேண்டாம், குடிசையும் வேண்டாம்."

போதகர் பேனாவைக் கீழே வைத்தார். கண்டிப்பானவர், நெஸ்தோரிக்குக் கல்யாணம் செய்துவைத்தவரும் அவர்தான். "நெஸ்தோரி, எசமானா இருந்த வீட்டுல வேலைக்காரங்க படுக்கிற கதவோரக் கட்டில்ல படுப்பியா?"

"படுப்பேன்."

"எதுக்கு? ஒரு பேருக்காகவா?"

நெஸ்தோரி அன்று பேசிய அளவுக்கு அதற்குமுன் பேசி யாரும் கேட்டதில்லை.

"கடைசி நாள்ல மேலயும் கூப்பிடுவாங்கன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. வீடு வீடாத்தானே கூப்பிடுவாங்க, போதகரய்யா? கெதோலான்னு கூப்பிட்டா அவ எழுந்து போயிருவா. அவளுக்குக் காது மந்தம், நான் பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. நான் சூசாரின்னு எங்கயோ கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேன். அவளை எப்படித் தேடுவேன்?"

தலையில் இருந்த துணியை இழுத்து ஹில்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்செலி எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போதகர் பேனாவை எடுத்து, கெதோலா வீட்டாரின் பேர்களுக்குக் கீழே அவன் பேரையும் எழுதினார். பிறகு முறைப்படி கூப்பிட்டார். முதலில் எசமான், அடுத்து எசமானி, பிறகு பிள்ளைகள். ஒவ்வொருவராகப் படித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வேலைக்காரர் முறை வந்தது.

"நெஸ்தோரி கெதோலா."

அவன் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டான். வருஷா வருஷம் தடுமாறாமல் படித்த பக்கம் அது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கண் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கிப்போயிற்று. தோள் குலுங்கியது. செராஃபீனாவைப் புதைத்த அன்று வராத அழுகை, அத்தனை பேர் முன்னால் வந்துவிட்டது.

போதகர் அவனை அழ விட்டார். பிறகு, அவன் ஒரு வரியும் படிக்காமலே, தேறினான் என்று எழுதிக்கொண்டார்.