முகத்தை மறைக்க வாங்கிய கண்ணாடி

என் மனைவி நிர்மலா தினமும் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். அதே பெட்டியில் வரும் சார்லஸின் பேச்சு இரவுச் சாப்பாட்டில் தவறாமல் வரும். எனக்குச் சோறு இறங்காது.

ஆண்டர்சன்பேட்டையில் சார்லஸின் தங்கைக்குக் கல்யாணம். "நீங்களும் வாங்க" என்று நிர்மலா மூன்று முறை கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன்.

இப்போதெல்லாம் போட்டோகிராபர் அனுப்பும் லிங்க்கில் முகத்தைக் காட்டினால், நாம் இருக்கும் படங்களெல்லாம் வந்துவிடும். அதற்குப் பயந்து, 'கேமராவையே ஏமாற்றும்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வீசும் குட்டி விளக்கு வைத்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூணோரம் நின்றேன். சார்லஸ் அவளிடம் வந்து பேசிய இரண்டு நிமிடம்தான் என் கண்ணில் நின்றது.

மறுநாள் லிங்க் வந்தது. நிர்மலா விளையாட்டாகப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பதினோரு படம் வந்தது.

"இன்னாங்க இது? அங்க வந்து இன்னா பண்ணினு இருந்தீங்க?"

எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் அவளும் இருந்தாள், தனியாக. பக்கத்து நாற்காலியில் அவள் கைப்பை.

"மனசு மாறி வருவீங்கன்னு உங்களுக்குத்தான் எடம் புடிச்சி வெச்சிருந்தேன்" என்றாள்.

நல்ல கேமரா அந்தக் கண்ணாடி விளக்கின் வெளிச்சத்தை வடிகட்டிவிடுமாம், முகம் அப்படியே விழுந்துவிடுமாம். விளம்பரத்தை நம்பாதீர்கள்.

இப்போது கூப்பிட்டால் போய்விடுகிறேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்காகப் பிடித்து வைத்த நாற்காலியில் உட்காருகிறேன். சார்லஸைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து எரிகிறேன்.